மணி துப்பக் கற்ற கதை

சென்னை பாடியில் எனக்கு ஒரு சின்ன ஹார்டுவேர் கடை. கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேருக்கு என் நாயைத் தெரியும். ‘பெல்ஜியன் மாலினோயா? கடிக்குமா சார்?’ என்று கேட்பார்கள். கடிக்கும் என்பேன். அடுத்த கேள்வி எப்போதும் ‘எவ்வளவு சார் ஆச்சு?’ தான். ‘சொன்னா விடுமா?’ என்று இத்தனை நாளில் ஒரே ஒருவர்தான் கேட்டிருக்கிறார். அவரும் மாட்டு டாக்டர்.

நாயின் பெயர் மணி. இவ்வளவு விலை கொடுத்து வாங்கிய நாய்க்கு மணி என்றா பெயர் வைப்பது என்று நண்பர்களுக்குக் கேலி. கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறான், அது போதும்.

ஒன்றேகால் வயதில் அவனை ஒரு பயிற்சியாளரிடம் அழைத்துப்போனேன். யார், எங்கே என்பதெல்லாம் வேண்டாம். கடிக்க வைப்பதில் மனிதர் கில்லாடி. கோணித் துணியில் தொடங்கி, கையில் மாட்டிக்கொள்கிற சணல் சுற்றிய ஸ்லீவ் வரைக்கும் இரண்டே மாதத்தில் கொண்டுவந்துவிட்டார். மணி தூரத்திலிருந்து ஓடிவந்து, கடைவாய்ப் பல் வரை பதித்துக் கவ்வுவான். எனக்குப் பெருமை தாங்காது. வீடியோ எடுத்து மச்சானுக்கெல்லாம் அனுப்பினேன்.

விட வைப்பதற்கு அவரிடம் ஒரே வழிதான் இருந்தது. ‘அவுட்’ என்று கத்துவார். விடாவிட்டால் முள் காலரைச் சுண்டுவார். அதற்கும் மசியாவிட்டால் கழுத்துப்பட்டையை மேலே தூக்கி, மூச்சு முட்டும்வரை பிடித்துக்கொள்வார். மூச்சு முட்டினால் எந்த நாயும் வாயைத் திறந்துதானே ஆகவேண்டும்? மணியும் திறந்தான்.

பத்துப் பதினைந்து தடவை இப்படி நடந்திருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை பக்கத்தில் குனிந்து நின்று பார்த்தேன். ‘அவுட்’ காதில் விழுந்ததும் மணி கண்ணை இடுக்கினான். ஸ்லீவை இன்னும் கொஞ்சம் உள்ளே வாங்கிக் கவ்வினான். உடம்பை வளைத்து, கழுத்து என் கைக்கு எட்டாதபடி மறுபக்கம் திரும்பிக்கொண்டான். அவன் அகராதியில் ‘அவுட்’ என்றால் விடு என்று அர்த்தமில்லை. ‘கழுத்தை நெரிக்க ஆள் வருது, கெட்டியாப் பிடிச்சுக்கோ’ என்று அர்த்தம். நாங்கள்தான் ஒரு நாள் தவறாமல் சொல்லிக்கொடுத்திருந்தோம்.

அன்றைக்கே ஸ்லீவ் கழன்று வந்துவிட்டது. அதைத் தூக்கிக்கொண்டு மைதானம் முழுக்க ஓடினான். நான் பின்னால் ஓடினேன். வேடிக்கை பார்த்த பையன்கள் ஸ்கோர் சொன்னார்கள். பயிற்சியாளர், ‘ஷாக் காலர் போட்டா சரியாயிடும்’ என்றார். அதைப் பக்குவமாகப் பயன்படுத்தத் தெரிந்தவர்கள் இருக்கலாம். ஏற்கெனவே சண்டைக்கு நிற்கிற நாய்க்கு வலியும் சண்டையின் ஒரு பங்காகத்தான் தெரியும் என்பது என் கட்சி. அதோடு அங்கே போவதை நிறுத்திவிட்டேன்.

கொஞ்ச நாளில், 2024 மே மாதம், ஆயிரம்விளக்கில் மாநகராட்சிப் பூங்காவில் இரண்டு ராட்வைலர்கள் ஐந்து வயதுக் குழந்தையைக் கடித்துக் குதறின. டிவியில் இரண்டு நாள் அதே செய்தி. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. மணியின் தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, ‘இவன் யாரையாவது பிடிச்சா, விடுன்னு சொன்னா விடுவானாடா?’ என்று மட்டும் கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை.

அப்போது கிடைத்தவர்தான் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஆட்டோ ஓட்டும் அண்ணன். இளவயதில் ஷூட்ஸுண்ட் பழக்குகிறவர்களுக்கு ஹெல்பராக, அதாவது ஸ்லீவ் மாட்டிக்கொண்டு கடி வாங்குகிற ஆளாக இருந்தவர். ஷெப்பர்டு நாய்களைச் சோதித்துப் பார்க்க ஜெர்மனியில் உருவான பரீட்சை அது. மோப்பம், கீழ்ப்படிதல், பாதுகாப்பு என்று மூன்று பகுதி. 2019லிருந்து அதன் பெயர் ஐஜிபி. அதில் ‘விடு’ என்று ஒரு தடவைதான் சொல்லலாம். நாய் விடாவிட்டால், நடுவர் அனுமதித்தால் இன்னும் இரண்டு தடவை. அதற்கும் விடாவிட்டால் எவ்வளவு பிரமாதமாகக் கடித்திருந்தாலும் வெளியே போகவேண்டியதுதான்.

ஞாயிறு காலை ஐந்தரைக்குத் திருநின்றவூர் தாண்டி ஒரு லேஅவுட்டில் சந்திப்போம். எல்லைக் கல் மட்டும் நட்டு, வீடு வராத மனைகள். முதல் நாள் நானும் மணியும் டக் துணியை, அதாவது நாய் கடித்து இழுக்கக் கைப்பிடி வைத்த துணியை, ஆளுக்கொரு பக்கம் இழுப்பதைப் பார்த்துவிட்டு அண்ணன் சொன்னார்: ‘இன்னா தம்பி, நீ இழுக்கிற, அது இழுக்குது. நீ சும்மா இரு. துணி செத்துப்போன மாதிரி இருக்கணும்.’

கேட்பதற்குச் சுலபம். டக்கின் இரு கைப்பிடியையும் சேர்த்துப் பிடித்து, தொடையோடு ஒட்டி, கல் மாதிரி நிற்கவேண்டும். லீஷைத் தொடக்கூடாது. பேசக்கூடாது. மணி உறுமினான். தலையை உதறினான். உதறும்போது என் முழங்கை கொஞ்சம் ஆடியது. ‘ஆடாத! ஆடினா அதுக்கு உயிர் வந்துடும்’ என்றார் அண்ணன். அப்புறம் மணி உதறுவதை நிறுத்தினான். மூக்கால் புஸ்புஸ்ஸென்று மூச்சு. எச்சில் நூலாக இறங்கி என் செருப்பில் சொட்டியது. ஓரக்கண்ணால் என் முகத்தைப் பார்த்தான். பல் துணிக்குள் இருந்தாலும், கன்னத்தில் புடைத்திருந்த தசை கொஞ்சம் கொஞ்சமாக அமுங்குவது தெரிந்தது. நான்கு நிமிடத்துக்கு மேல் ஆகியிருக்கும். வாய் திறந்தது. நாக்கால் துணியைத் தள்ளினான்.

‘இப்போ குடு! உடனே குடு!’ என்று கத்தினார் அண்ணன்.

நான் டக்கை உயிரோடு ஆட்டினேன். மணி பாய்ந்து கவ்வினான். அவன் முகத்தில் அன்றைக்குத் தெரிந்தது சந்தோஷமா குழப்பமா என்று சொல்லத் தெரியவில்லை. மூன்றாவது தடவை ஒரு நிமிடத்தில் விட்டான். ஆறாவது தடவை நான் கையை நிறுத்தியதுமே விட்டான். விட்டால் பறிபோகும் என்றுதானே இத்தனை நாள் பிடித்துக்கொண்டிருந்தான்? விட்டால் திரும்ப வருகிறது என்றால் விடுவதற்கு அவனுக்கென்ன கஷ்டம்?

அசையாமல் நின்றால் விடுவான் என்று ஆனபிறகுதான் சொல்லைச் சேர்க்கவேண்டும். எந்தச் சொல் என்பதில் ஒரு வாரம் போனது. ‘அவுட்’ கெட்டுப்போன சொல். ‘விடு’ என்று வைக்கலாம் என்றேன். அண்ணன் என் வீட்டில் அரைமணி நேரம் உட்கார்ந்து காபி குடித்தார். அதற்குள் ‘சரி விடு’, ‘அவளை விடுடா’, ‘ஃபேனைப் போட்டு விடு’ என்று ஏழெட்டுத் தடவை கேட்டுவிட்டது. நாள் முழுக்கக் காதில் விழுகிற சொல்லை நாய் காற்றோடு விட்டுவிடும். ஜெர்மன்காரர்கள் சொல்கிற ‘அவுஸ்’ நன்றாக இருந்தது. ஆனால் கீழ்வீட்டில் இருப்பவரை எங்கள் வீட்டில் எல்லோரும் ‘அவுஸ் ஓனர்’ என்றுதான் சொல்வோம். டச்சுக்காரர்களின் ‘லாஸ்’? கடைக்காரன் வீட்டில் அந்தச் சொல்லுக்கா பஞ்சம்?

கடைசியில் அம்மாதான் சொன்னார்: ‘குழந்தை எதையாவது வாயில் போட்டுக்கிட்டா என்ன சொல்லுவோம்? துப்புன்னு சொல்லுவோம்.’

துப்பு. சின்னச் சொல், வெடுக்கென்று வருகிறது, வீட்டில் தினம் யாரும் சொல்வதில்லை. அதையே வைத்தோம். ஒரே தடவை ‘துப்பு’, ஒரு நொடி இடைவெளி, கை உறையவேண்டும், அவன் விடவேண்டும், உடனே திரும்பக் கடி. இடைவெளி முக்கியம். சொல்லும் கையும் ஒன்றாக வந்தால் நாய் கையை மட்டும் பார்க்கும், சொல்லைக் கேட்காது. இரண்டாவது தடவை சொல்ல எனக்கு நாக்கு துறுதுறுக்கும். அண்ணன் முறைப்பார். ‘துப்பு துப்பு துப்பு’ என்று பழக்கினால் குக்கர் மாதிரி மூணு விசிலுக்குக் காத்திருக்கும் என்பார்.

ஸ்லீவுக்கு வந்தபோது முதல் இரண்டு வாரம் பழைய கதை தலைகாட்டியது. என் காலடிச் சத்தம் பக்கத்தில் கேட்டாலே ஸ்லீவை மென்று மென்று கடித்தான். பயத்தில் கடிக்கிற நாய் அப்படித்தான், கடி ஓரிடத்தில் நிற்காது. அதனால் நான் பக்கத்தில் போய் முதுகைத் தடவிவிட்டு, ஒன்றும் கேட்காமல் திரும்பி வந்துகொண்டே இருந்தேன். என் வருகைக்கும் கழுத்துக்கும் சம்பந்தமில்லை என்று அவனுக்குப் புரியவே அவ்வளவு நாள் ஆனது. அதன்பிறகு அண்ணன் உறைந்து நிற்பார், நான் பத்தடி தள்ளி நின்று சொல்வேன், மணி விட்டுவிட்டு அவர் முன்னால் உட்கார்ந்து குரைப்பான். ஓடினால் பிடிக்க நீளக் கயிறு இருந்ததே தவிர, அதை இழுக்கவேண்டி வரவில்லை.

சென்னையில் நாய்க்கு விடக் கற்றுக்கொடுக்க இன்னொரு காரணமும் உண்டு. நாய்க்கு உடம்புச் சூடு தணிவது பெரும்பாலும் வாயைத் திறந்து இளைப்பதால்தான். வாய் நிறைய சணலை வைத்துக்கொண்டு எப்படி இளைக்கும்? மே மாதம் காலை ஏழு மணிக்கே நாக்கு அகலமாகத் தொங்கும், ஈறு செங்கல் நிறத்துக்கு வந்துவிடும். நாலு கடி, தண்ணீர், நிழல். அதற்குமேல் கிடையாது. விடத் தெரியாத நாயை இந்த ஊர் வெயிலில் கடிக்கப் பழக்குவது அதன் உயிரோடு விளையாடுகிற வேலை.

போன மாதம் நான் கடையில் இருந்தபோது அம்மாவிடமிருந்து போன். மொட்டை மாடியில் துணி காயப்போடும்போது காற்றில் பறந்த முந்தானையை மணி கவ்விவிட்டானாம். எனக்குக் கை நடுங்கியது. ‘இழுத்தீங்களா?’ என்றேன். ‘நான் எதுக்கு இழுக்கிறேன்? சும்மா நின்னேன். துப்புன்னேன். துப்பிட்டான்’ என்றார். ‘விட்டா திரும்பக் கடிக்கக் குடுக்கணும்னு நீதானே சொல்லியிருக்கே? அதுக்கு முந்தானையையா குடுப்பாங்க? கொடியில உன் லுங்கி இருந்துச்சு, அதைக் குடுத்தேன்.’

ராத்திரி வீட்டுக்கு வந்தபோது வாசற்படியில் லுங்கியை விரித்து அதன்மேல் படுத்திருந்தான். நீலக் கட்டம் போட்டது, வாங்கி இரண்டு வாரம்கூட ஆகவில்லை.