பூட்டனின் சம்பளத்தைத் தேடிக் கியூவுக்குப் போனது

எங்கள் பூட்டன் கோட்டில், அதாவது நீதிமன்றத்தில், இன்ரபிரிற்றராக (மொழிபெயர்ப்பாளராக) இருந்தவர் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த கதை. எந்தக் கோடு, எந்தக் காலம், என்ன சம்பளம் என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். ஒரு மாமா கடைசிவரை அவரைச் சுப்பிரீம் கோட்டு முதலியார் என்றே சொல்லிக்கொண்டிருந்தார். இலங்கையில் வெள்ளைக்காரன் காலத்தில் இப்படி உத்தியோகம் பார்த்த ஒருவரைத் தேடுகிறவர்களுக்கு நான் போன வழி உதவலாம்.

பெயரை வைத்துத் தேடத் தொடங்காதீர்கள். அக்காலப் பதிவுகள் திணைக்களம், பதவி என்ற ஒழுங்கில்தான் கிடக்கின்றன. எங்கள் ஆட்களின் பெயரை ஆங்கிலத்தில் எழுதியவர்களோ ஒவ்வொரு வருடமும் ஒவ்வொரு விதமாக எழுதினார்கள். ஆகவே எந்தக் கோடு என்பதை முதலில் பிடிக்கவேண்டும். எனக்கு அது ஒரு பழைய சீதன உறுதியில் கிடைத்தது. நொத்தாரிசுமார் ஆளின் ஊரையும் உத்தியோகத்தையும் எழுதாமல் உறுதியைத் தொடங்கமாட்டார்கள். அதில் பருத்தித்துறைக் கோடு என்று தெளிவாக இருந்தது. மாமாவின் சுப்பிரீம் கோடு அத்தோடு போயிற்று. அப்புறம் உத்தியோகத்தர் பெயர்களும் இருக்கும் பேர்குசன் டிரக்டரி என்ற பழைய இலங்கை விவரக்கொத்தில் காலத்தை ஓரளவு சரிபார்த்துக்கொண்டேன். அதில் அவர் சம்பளம் எனக்குக் கிடைக்கவில்லை.

சம்பளம் இருப்பது புளூ புக்கில். குடியேற்ற நாடுகள் வருடாவருடம் லண்டனுக்கு அனுப்பிய கணக்குப் புத்தகம் அது. வரவு, செலவு, சனத்தொகை, ஏற்றுமதி எல்லாவற்றோடும் உத்தியோகத்தர் பட்டியலும் உண்டு. இலங்கைக்கு உரியவை லண்டனில் கியூ என்ற இடத்தில் உள்ள பிரித்தானிய தேசிய சுவடிகள் காப்பகத்தில், சி.ஓ. 59 என்ற வரிசையில் இருக்கின்றன.

கியூவில் நுழைவது கஷ்டமில்லை. அடையாளத்துக்கு ஒன்று, விலாசத்துக்கு ஒன்று கொண்டுபோனால் வாசகர் அட்டை தருவார்கள். காசு இல்லை. பையை லொக்கரில் வைத்துவிட்டு, வேண்டியதை மட்டும் தெளிந்த பிளாஸ்டிக் பையில் எடுத்துக்கொண்டு மேலே போகவேண்டும். பேனைக்கு அனுமதி இல்லை, பென்சில்தான். புத்தகத்தை மெத்தென்ற பஞ்சுக் கட்டைகளில் சாய்த்து, துணி சுற்றிய பாரக் கயிற்றைப் பக்கத்தின் மேல் போட்டுப் படிக்கவேண்டும். படம் எடுக்கலாம். வெளியே வரும்போது மடிக்கணினியைத் திறந்து காட்டச் சொல்வார்கள். ஞாயிறு, திங்களில் வாசிப்பறை பூட்டு. தூரத்திலிருந்து வருபவர்கள் அதைப் பார்த்து வாருங்கள்.

நீதித்துறைப் பகுதியில் கோடு கோடாகப் போகிறது பட்டியல். மேலே நீதவான், கீழே செக்கிறிற்றரி, கிளாக்கர், இன்ரபிரிற்றர். எப்போது நியமனம், யார் நியமித்தது, வருடச் சம்பளம், கட்டணமாக ஏதும் கிடைக்கிறதா, இருக்க வீடு உண்டா, வேறு உத்தியோகமும் பார்க்கிறாரா என்று கட்டம் கட்டமாகக் கேட்டிருக்கிறார்கள். கடைசிக் கட்டத்தை விட்டுவிடாதீர்கள். சின்னக் கோடுகளில் ஒரே ஆள் இரண்டு வேலை பார்ப்பதுண்டு. ஒரு வரியை மட்டும் பார்த்தால் பாதிச் சம்பளந்தான் தெரியும்.

காசு விஷயத்தில் கவனம் தேவை. 1825 இல் பிரித்தானியக் காசு வருமுன் கணக்கு றிக்ஸ் டொலர் என்ற பழைய காசில். பிறகு பவுண், சிலிங். 1872 தொடக்கம் ரூபாயும் சதமும். ஒரு ரூபாய் 2 சிலிங் என்று வைத்தார்கள். ஒரு பவுண் 10 ரூபாய். எங்கள் பூட்டன் பவுணில் தொடங்கி ரூபாயில் முடித்தவர். தாளைப் புரட்டினால் திடீரென்று பத்து மடங்கு உயர்ந்ததுபோலத் தெரியும். பெருக்கிப் பார்த்தால் அதே சம்பளந்தான். சரி, கூடவில்லை என்றாலும் குறையவில்லையே என்று பார்த்தால் அதுவும் இல்லை. ரூபாய் வெள்ளிக் காசு; வெள்ளி விலை விழ விழ ரூபாயும் விழுந்து, அந்த நூற்றாண்டு முடிகையில் 1 சிலிங் 4 பென்ஸ் என்ற அளவில் நின்றது. பவுணில் கணக்குப் பார்த்தால் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது.

நீதவான்மார் வருவதும் மாற்றலாகிப் போவதுமாக இருக்க, அவர் பெயர் மட்டும் அதே வரியில் கிடக்கிறது. இடையில் அரசாங்கம் கொடுக்கும் முதலியார் பட்டம் வருகிறது. சம்பளக் கட்டத்தில் ஒரு மாற்றமும் இல்லை. அரசாங்கத்துக்கு இது நல்ல மலிவான ஏற்பாடு என்றுதான் நான் நினைக்கிறேன். சாட்சி தமிழில் சொன்னது இவர் வாயால் போய்த்தான் ஆங்கிலத்தில் பதிவானது. ஒருவனுக்கு அபராதமா மறியலா என்பது அதில் தங்கியிருந்தது. அந்தப் பொறுப்புக்குச் சம்பளம் கிளாக்கருக்குப் பக்கத்தில். மிச்சத்துக்குப் பட்டமும் ஊரில் மரியாதையும்.

பட்டியலில் ஆள் மறைந்துவிட்டால் இறந்துவிட்டார் என்று முடிவெடுக்காமல், அதே புத்தகத்தில் பென்சன்காரர் பகுதிக்குப் போங்கள். எங்களவர் அங்கேதான் இருந்தார்: என்ன வேலைக்காக, எப்போதிருந்து, எவ்வளவு என்று. கொழும்பில் இருப்பவர்கள் இதற்காகக் கியூவுக்கு வரத் தேவையில்லை. கொழும்பு 7 இல் உள்ள தேசிய சுவடிகள் காப்பகத்திலும் புளூ புக்குகள் இருக்கின்றன.