நாய்க்குட்டிக்குச் சாரம் கட்டும்போதே பில்பாவோ போங்கள்

மே மாதத்திலும் அக்டோபரிலும் பில்பாவோ பக்கம் போகாதீர்கள், பூச்செடிகளால் ஆன நாய்க்குட்டிச் சிற்பத்துக்குச் செடி மாற்றச் சுற்றிலும் சாரம் கட்டியிருப்பார்கள், படமே எடுக்க முடியாது என்று பயணக் குறிப்புகளில் எச்சரிக்கிறார்கள். இதைவிடத் தவறான அறிவுரை கிடையாது. போய் வந்த சூட்டோடு சொல்கிறேன்: முடிந்தால் அந்த நாட்களைப் பார்த்தே டிக்கெட் போடுங்கள். பூத்து முடிந்த நாயைப் படத்தில்கூடப் பார்த்துக்கொள்ளலாம். அது எப்படி உயிரோடு இருக்கிறது என்பதைச் சாரம் கட்டியிருக்கும்போதுதான் பார்க்க முடியும்.

ஸ்பெயினின் வடக்கே, பாஸ்க் நாடு எனும் பகுதியில் இருக்கிறது பில்பாவோ. அங்குள்ள குகன்ஹைம் அருங்காட்சியகத்தைச் சுற்றிச் சமகாலக் கலை நான்கு பிராணிகளை நான்கு விதமான பொருளில் உருவாக்கி வைத்திருக்கிறது: பூவில் நாய், வெண்கலத்தில் சிலந்தி, எஃகில் பாம்பு, டைட்டானியத்தில் மீன். பாம்புக்கு மட்டும்தான் நுழைவுச்சீட்டு. மற்ற மூன்றையும் காசில்லாமல், நடுராத்திரியில்கூடப் பார்க்கலாம்.

நாய்க்குட்டியை உருவாக்கியவர் அமெரிக்கச் சிற்பி ஜெஃப் கூன்ஸ். ‘பப்பி’ என்றே பெயர். 1992-ல் ஜெர்மனியின் அரோல்சன் நகரில் முதலில் நின்றது, 1995-ல் சிட்னிக்குப் போனது, 1997-லிருந்து இங்கே இருக்கிறது. வெஸ்ட் ஹைலண்ட் டெரியர் என்ற சிறிய வெள்ளை நாய் வகைதான், ஆனால் உயரம் 12.4 மீட்டர், நான்கு மாடி அளவு. துருப்பிடிக்காத எஃகில் எலும்புக்கூடு, அதன் மேல் மண்ணைத் தாங்கிப் பிடிக்கும் துணி, உள்ளே நீர்க்குழாய்கள். அந்தத் துணியில் ஓட்டை போட்டு ஏறத்தாழ 38,000 நாற்றுகளை ஒவ்வொன்றாகக் கையால் நடுகிறார்கள். மே மாதம் பெகோனியா, பெட்டூனியா மாதிரி வெயில் தாங்கும் செடிகள். அக்டோபரில் அதையெல்லாம் பிடுங்கிவிட்டுக் குளிர் தாங்கும் பான்சி. அதனால் கோடையில் பார்த்த நாயும் குளிர்காலத்து நாயும் நிறத்தில் வேறு வேறு.

ஊட்டி மலர்க் கண்காட்சியில் கொய்மலரால் செய்த யானையையும் மயிலையும் பார்த்தவர்கள் இதையும் அந்தக் கணக்கில் சேர்த்துவிட வேண்டாம். அது பறித்த பூ, சில நாளில் வாடிவிடும். இது வேர் பிடித்த செடி, நாய் மாதக்கணக்கில் வளர்கிறது. நட்ட புதிதில் உடம்பு ஒட்ட வெட்டியதுபோல இருக்கும். நாள் போகப் போக ரோமம் அடர்ந்து காது, மூக்கு எல்லைகள் மங்கிவிடும். மூக்கும் கண்ணும் தெளிவாகத் தெரிய வேண்டுமென்றால் நடவு முடிந்த சில வாரங்களுக்குள் போக வேண்டும். ஆகஸ்டில் போகிறவர்கள் பார்ப்பது சடை விழுந்த நாயை.

செங்குத்தான பரப்பில் செடி வளர்ப்பதில் எது கெடும் என்பது மாடித்தோட்டம் போட்டவர்களுக்குத் தெரியும். தண்ணீர் கீழே இறங்கிவிடும். தலையும் முதுகும் காயும், வயிற்றுக்கு அடியில் ஈரம் தங்கும், வெயில் படாத இடத்தில் செடி நீண்டு சோணியாகும். ஆகவே இந்தச் சிற்பத்தின் உயிர் இருப்பது குழாயில்தான். அந்தக் குழாய்கள் பழசாகிப்போய் 2021-ல் அருங்காட்சியகம் பொதுமக்களிடம் 1,00,000 யூரோ நன்கொடை கேட்டது. அதே ஆண்டு நாய்க்கு வெள்ளையும் நீலமுமாகப் பூவிலேயே முகக்கவசம் போட்டார்கள்.

படம் எடுப்பவர்களுக்கு ஒன்று. நாய் அருங்காட்சியகத்துக்கு முதுகையும் ஊருக்கு முகத்தையும் காட்டி உட்கார்ந்திருக்கிறது. இப்பார்ராகிர்ரே தெருவில் நாலு கட்டடம் பின்னால் நடந்து வந்து, காலை பத்து மணி வெயிலில் எடுங்கள். அருகில் போய் அண்ணாந்து எடுத்தால் தாடை மட்டும்தான் விழும்.

அந்தச் சதுக்கத்தில் இன்னொரு காரியமும் செய்யுங்கள், ஒரு நிமிடம் நில்லுங்கள். 1997 அக்டோபர் 13, திறப்பு விழாவுக்கு ஐந்து நாள் முன்பு, தோட்டக்காரர் வேஷத்தில் வந்த, பாஸ்க் தனிநாடு கேட்டு ஆயுதம் ஏந்திய ஈ.டி.ஏ. அமைப்பினர் பூந்தொட்டிகளில் கையெறி குண்டுகளை மறைத்துக் கொண்டுவந்தார்கள். சந்தேகப்பட்டுக் கேட்ட பாஸ்க் காவலர் சேமா அகிர்ரே சுடப்பட்டு இறந்தார். சதுக்கம் இன்று அவர் பெயரில் இருக்கிறது. எதிரே நின்று படம் எடுக்கும் பலருக்கு இது தெரியாது.

இனி காசு விஷயம். யூரோவுக்கு நூறு ரூபாய்க்கு மேல் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். விமான நிலையத்தில் டாக்சி வரிசையில் நிற்காதீர்கள். 3247 எண் பேருந்து 3 யூரோ அளவில்தான் ஆகும், டாக்சி அதைப்போலப் பல மடங்கு கேட்கும். பேருந்து ஊருக்குள் நுழைந்ததும் முதல் நிறுத்தம் அலமேதா ரெகால்தே, அங்கிருந்து நாய் நடக்கும் தூரம். எல்லாரும் கடைசி நிறுத்தம்வரை போய் டிராமில் திரும்பி வருகிறார்கள், வீண் செலவு. டிராமில் ஏறினாலும் நடைமேடையிலேயே சீட்டு வாங்கி அங்குள்ள கருவியில் பதிந்துவிட்டு ஏறுங்கள், பதியாத சீட்டு செல்லாது. இரண்டு மூன்று நாள் தங்கினால் பாரிக் என்ற பயண அட்டை வாங்கிவிடுங்கள், ஒரே அட்டையில் குடும்பமே போகலாம். திங்கட்கிழமை பெரும்பாலும் அருங்காட்சியகம் மூடியிருக்கும்.

கட்டடத்தின் பின்பக்கம், ஆற்றங்கரையில் சிலந்தி. ‘மமான்’, பிரெஞ்சில் அம்மா. லூயிஸ் பூர்ஷ்வா 1999-ல் எஃகில் செய்து 2000-ல் லண்டன் டேட் மாடர்னில் வைத்தது மூலம். பிறகு வார்த்த வெண்கலப் பிரதிகளில் ஒன்று இங்கே, ஒன்று ஒட்டாவாவில், ஒன்று டோக்கியோவில். உயரம் ஏறத்தாழ 9 மீட்டர். தூரத்தில் நின்று பார்த்தால் பயமுறுத்தும். படம் எடுத்துவிட்டு அப்படியே போய்விடுகிறார்கள், அங்கேதான் தப்பு. நேராக வயிற்றுக்கு அடியில் போய் நிமிர்ந்து பாருங்கள். கம்பி வலைப் பையில் வெள்ளைப் பளிங்கு முட்டைகள். அத்தனை பெரிய உடம்பும் அந்த முட்டைகளுக்குக் கூரையாக நிற்பது அப்போதுதான் உறைக்கும். பூர்ஷ்வாவின் அம்மா கிழிந்த பழைய சித்திரத் திரைச்சீலைகளைச் செப்பனிட்டவர். வலை அறுந்தால் திரும்ப நெய்கிற பூச்சியை அம்மாவாக்க இதைவிட நல்ல காரணம் வேண்டுமா? வெண்கலத்தைத் தேர்ந்ததும் சரி. அந்தக் கால்கள் நுனியில் ஊசிபோல ஒடுங்குகின்றன, அந்த மெலிவில் மழையையும் ஆற்றுக் காற்றையும் ஆண்டுக்கணக்கில் தாங்க வேண்டும். பக்கத்துக் குளத்தில் ஃபுஜிகோ நகாயாவின் செயற்கை மூடுபனி அவ்வப்போது கிளம்பும், கரையிலேயே காத்திருங்கள். சிரிமிரி என்று அவர்கள் சொல்லும் தூறல் பெய்தால் தரை வழுக்கும், செருப்பு உதவாது.

சாப்பாடு பிரமாதம், நேரம் தெரிந்தால் மலிவும்கூட. வேலை நாட்களில் ஒன்றரையிலிருந்து மூன்றரைக்குள் ‘மெனு தெல் தியா’ என்று கேளுங்கள். முதல் தட்டு, இரண்டாம் தட்டு, இனிப்பு, ரொட்டி எல்லாம் சேர்த்து ஒரே விலை. அதை விட்டால் இரவு எட்டரைவரை பெரும்பாலான அடுப்புகள் எரியாது, பின்ச்சோதான் கதி. ரொட்டித் துண்டின் மேல் ஏதாவது வைத்த இந்தத் தீனி ஒன்று 2, 3 யூரோதான், ஆனால் ஆறு தின்றால் ஒரு சாப்பாட்டுக் காசு போய்விடும். சைவக்காரர்கள் கெர்னிகா மிளகாயைக் கேளுங்கள். மாவில் தோய்க்காமல் எண்ணெயில் பொரித்துக் கல்லுப்பு தூவித் தருவார்கள், காரம் அநேகமாக இருக்காது. உருளைக்கிழங்கு தோர்த்தியாவில் முட்டை உண்டு. கில்தா என்ற பின்ச்சோவில் நெத்திலி உண்டு.

சீட்டு வாங்கி உள்ளே போவது பாம்புக்காக. ரிச்சர்ட் செர்ராவின் ‘ஸ்னேக்’, திறப்பு விழாவுக்காகவே செய்தது. 4 மீட்டர் உயரம், 31 மீட்டருக்கு மேல் நீளம், துருவேறும் எஃகில் மூன்று வளைந்த சுவர்கள். தலையும் கிடையாது, செதிலும் கிடையாது. சுவர்களுக்கு இடையே இரண்டு சந்துகள் போகின்றன, இரண்டிலும் நடக்க வேண்டும். சுவர் ஒரு பக்கம் மேலே சாய்கிறது, பத்தடி போனதும் விலகுகிறது, கால் தானாகத் தடுமாறும். பாம்பைப் பார்ப்பதற்குப் பதிலாக அது விழுங்கிய இரையாக நடக்கிறோம். தலைச்சுற்றல் இருப்பவர்கள் துணையோடு போங்கள். தொடாதீர்கள், கை எண்ணெய் துருவில் கறையாகிவிடும். முதுகுப்பையை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள்.

மீன், கட்டடமேதான். ஃபிராங்க் கெரிக்கு மீன் வாழ்நாள் பித்து. 1992-லேயே பார்சலோனா கடற்கரையில் ஒரு மீன் செய்தவர். இங்கே ஏறத்தாழ 33,000 டைட்டானியத் தகடுகள், கனம் மில்லிமீட்டரில் பாதிகூட இல்லை. முதலில் எஃகு போட நினைத்தார், இந்த ஊர் மேகத்தில் அது செத்த நிறமாகத் தெரிந்தது. டைட்டானியம் மேகத்திலும் மின்னியது. கீழே நின்றால் செதில் தெரியாது, தகடுதான் தெரியும். ஆற்றைத் தாண்டி அர்ச்சாந்தா மலைக்குக் கம்பிவட ரயிலில் ஏறுங்கள், பாரிக் அட்டை அங்கும் செல்லும். மழை விட்டு வெயில் வரும் நேரமாகப் பார்த்துப் போங்கள். சாம்பல் நிறம் பொன்னாகத் திரும்ப ஐந்து நிமிடம்கூட ஆகாது.