எண்ணெய்க் குழி வைத்த ஃபேன்கள்

பழைய மேஜை ஃபேன் ஒன்று கைக்கு வந்தால் முதலில் எண்ணெய்க் குழியைத் தேடுவேன். கம்பெனிப் பெயர், மாடல் எல்லாம் அப்புறம்தான். றெக்கைக்குப் பின்னால், மோட்டாரின் கழுத்துப் பக்கத்தில், சின்னதாக ஒரு மூடியோ திருகோ இருக்கும். அதைத் திறந்து நாலு சொட்டு விட வேண்டும். வாங்கிப் போகிற வீட்டில் யாரோ ஒருவர் வருஷத்துக்கு ஓரிரு முறை இதைச் செய்வார் என்று நம்பித்தான் அந்தக் குழியைப் போட்டிருக்கிறார்கள். ஸ்குரூக்கள் எல்லாம் வெளியே தெரியும். கழற்றினால் கழன்று வரும், மாட்டினால் மாட்டிக்கொள்ளும். இன்று மலிவாகக் கிடைக்கும் மேஜை ஃபேன்கள் பலவற்றில் அந்தக் குழியே கிடையாது. ஷாஃப்ட்டைத் தாங்குகிற உலோகக் குழலான புஷ் காய்ந்து இறுகினால் மோட்டாரையே மாற்றச் சொல்கிறார்கள். பழைய ஃபேன்கள் மேல் எனக்கு இருக்கும் பிரியம் பெரும்பாலும் இதனால் வந்தது. அழகு இரண்டாவதுதான்.

எங்கள் வீடு கோவை கணபதியில். அப்பா மோட்டார் வைண்டிங் பட்டறை வைத்திருந்தார், கருகிய மோட்டாருக்குச் செம்புக் கம்பியைப் புதிதாகச் சுற்றித் தருகிற வேலை. இந்த ஊரில் அது அதிசயமில்லை. 1930களில் பைக்காரா மின்சாரம் வந்தபிறகு மில்லும் பம்புசெட்டுமாகப் பெருகிய ஊர் இது. இந்தியாவில் செய்த முதல் மின்மோட்டார் 1937-இல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் இங்கே உருவாக்கியது என்று இன்றும் பெருமையாகச் சொல்வார்கள். பட்டறைக்குப் பம்பு மோட்டார்தான் அதிகம் வரும். பங்குனி, சித்திரையில் மட்டும் வீட்டு ஃபேன்கள் வரிசை கட்டி நிற்கும். பள்ளி விடுமுறையில் எனக்குச் சுற்று எண்ணுகிற வேலை. "எண்ணு கண்ணு, நடுவுல பேசாத" என்பார் அப்பா. ஒரு காயில், அதாவது ஒரு கம்பிச் சுருள், முடிகிறவரை யார் கூப்பிட்டாலும் திரும்பக்கூடாது.

அந்தப் பட்டறை இப்போது இல்லை. அதிலிருந்த வைஸ், சுற்றுகிற கை மெஷின், கரண்ட் கசிவைச் சோதிக்கிற மெக்கர் மீட்டர், பல்பு வைத்த சீரீஸ் போர்டு எல்லாம் எங்கள் வீட்டுக் கார் ஷெட்டுக்கு வந்துவிட்டன. கார் தெருவில் வேப்பமரத்தடியில் நிற்கிறது.

ஃபேன்கள் எனக்குக் கிடைப்பது இரண்டு வழியில். வீட்டை இடிக்கிறவர்கள், வீடு மாறுகிறவர்கள் கூப்பிட்டுக் கொடுப்பார்கள். இல்லாவிட்டால் உக்கடத்துப் பழைய இரும்புக் கடைகள். அங்கே ஃபேனுக்கு விலை கிடையாது, எடைக்குத்தான் விலை. "உள்ள காப்பர் நல்லா வரும்ங்க அக்கா, நீங்க எடுக்கலைன்னா இன்னைக்கே உடைச்சிருவோம்" என்பார் கடைக்காரர். அவர் பொய் சொல்லவில்லை. காயிலில் செம்பு, றெக்கையில் பித்தளை அல்லது அலுமினியம், அடியில் வார்ப்பிரும்பு. ஓடக்கூடிய ஃபேனை விட உடைத்த ஃபேனுக்கு நல்ல காசு கிடைக்கிறது. பழைய ஃபேன்கள் மறைந்துபோவது இதனால்தான், கெட்டுப்போய் அல்ல.

வாங்கி வந்ததும் பிளக்கில் சொருகிப் பார்க்கிற ஆசை எல்லோருக்கும் வரும். அதைச் செய்யவே கூடாது. முதலில் பெயர்ப்பலகையைத் துடைத்துப் படிக்க வேண்டும். ரயில் பெட்டியிலிருந்து கழற்றிய ஃபேன்கள் சில சமயம் கடைகளில் கிடக்கும். அவை 110 வோல்ட் டிசி. நம் வீட்டு 230 வோல்ட்டில் நேராகக் கொடுத்தால் புகைதான் வரும். அமெரிக்க ஃபேன்கள் 110 வோல்ட், 60 சைக்கிள் (ஹெர்ட்ஸ்). டிரான்ஸ்ஃபார்மர் வைத்தாலும் நம் 50 சைக்கிளில் ஆறில் ஒரு பங்கு வேகம் குறையும், கொஞ்சம் கூடுதலாகச் சுடும். அதற்கும் ஒரு வழி உண்டு, வோல்டேஜையும் அதே அளவுக்குக் குறைத்துக் கொடுக்க வேண்டும்.

அடுத்தது சீரீஸ் போர்டு. 100 வாட் குண்டு பல்பு ஒன்றின் வழியாக ஃபேனுக்குக் கரண்ட் போகும். பல்பு மங்கலாக எரிந்தால் காயில் உயிரோடு இருக்கிறது. பளிச்சென்று முழுசாக எரிந்தால் உள்ளே ஷார்ட். எரியவே இல்லை என்றால் எங்கோ அறுந்திருக்கிறது. எல்ஈடி பல்பில் இந்த வித்தை நடக்காது. அதனால் குண்டு பல்பு எங்கே கண்டாலும் நான் வாங்கி வைத்துக்கொள்வேன்.

பிறகு மெக்கர். காயிலுக்கும் பாடிக்கும் நடுவே 500 வோல்ட்டில் அளக்கிறேன். 2 மெகா ஓமுக்குக் கீழே காட்டினால் அந்த ஃபேனை ஓட்டுவதில்லை. ஆனால் குறைவாகக் காட்டியதுமே வைண்டிங்கைப் பிடுங்கி எறியவும் மாட்டேன். வருஷக்கணக்கில் பரணிலும் தாழ்வாரத்திலும் கிடந்த ஃபேன், கம்பிக்கு உறையாக இருக்கும் பருத்தி நூலும் காகிதமும் ஈரம் குடித்திருக்கும். காயிலைத் தகரப் பெட்டிக்குள் வைத்து, தள்ளி ஒரு பல்பை எரியவிட்டு ஒரு நாள் காய வைத்தால் முள் தானாக மேலே ஏறும். அப்புறம் வார்னிஷ் ஊற்றி, மறுபடி காய வைத்தால் போதும். நல்லா இருக்கிற பழைய வைண்டிங்கை "எதுக்கும் இருக்கட்டும்" என்று மாற்றுவது எனக்குப் பிடிக்காது. அதைச் சுற்றிய கை யாருடையதோ, நன்றாகவே சுற்றியிருக்கிறது.

என் நேரம் நிறையப் போவது புஷ்ஷில்தான். பழைய மேஜை ஃபேனில் பால் பேரிங் அபூர்வம். ஷாஃப்ட் ஒரு கன்மெட்டல் (ஒரு வகை வெண்கலம்) புஷ்ஷுக்குள் எண்ணெய்ப் படலத்தின் மேல் சுற்றுகிறது. புஷ்ஷைச் சுற்றி ஒரு ஃபெல்ட் துண்டு. குழியில் விட்ட எண்ணெயைக் குடித்து வைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக ஷாஃப்ட்டுக்குக் கொடுப்பது அதன் வேலை. நம் வீடுகளில் வழக்கமாக விடுவது தேங்காய் எண்ணெய். அன்றைக்கு ஃபேன் நன்றாக ஓடும். ஆனால் அது தூசியோடு சேர்ந்து நாளடைவில் பிசின் மாதிரி ஆகி ஃபெல்ட்டை அடைத்துவிடும், அப்புறம் எவ்வளவு எண்ணெய் விட்டாலும் உள்ளே போகாது. வரும் ஃபேன்களில் ஓடாதவை பல இந்தப் பிசினால் நின்றவைதான். மண்ணெண்ணெயில் ஊறப் போட்டுத் துடைத்து, புது ஃபெல்ட் வைத்து, 20-ஆம் நம்பர் மோட்டார் எண்ணெய் விட்டால் ஓட ஆரம்பித்துவிடும். தையல் மெஷின் எண்ணெய் இதற்கு ரொம்ப நீர்த்தது, சீக்கிரம் வழிந்துவிடும்.

புஷ்ஷே தேய்ந்திருந்தால் ஷாஃப்ட்டைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டும்போது கையில் தெரியும். அப்போது பக்கத்துத் தெரு லேத் பட்டறைக்குப் போவேன். கடைசல் பிடிக்கிற அண்ணனிடம் ஷாஃப்ட்டையே கொடுத்துவிடுவேன், அளவு எழுதிக் கொடுப்பதில்லை. புது ஷாஃப்ட் என்றால் நம்பர் சொல்லலாம். தேய்ந்த ஷாஃப்ட்டுக்கு அதை வைத்துப் பார்த்துத்தான் புஷ் கடைய முடியும். 0.02, 0.03 மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும், அதாவது அரை முடிக் கனம். அவர் சோதிக்கிற விதம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஷாஃப்ட்டில் எண்ணெய் தடவி, புஷ்ஷை நிமிர்த்திப் பிடித்து உள்ளே விடுவார். தன் எடையிலேயே அது மெதுவாக இறங்க வேண்டும். பொத்தென்று விழுந்தால் லூஸ், நின்றுவிட்டால் டைட். சரியாக இறங்கினால் ஒன்றும் சொல்லாமல் என் பக்கம் நீட்டுவார்.

தலையாட்டுகிற பாகம் எனக்கு இன்னும் ஆச்சரியம் தருவது. மோட்டார் ஷாஃப்ட்டின் பின்முனையில் ஒரு வார்ம் (திருகு மாதிரி வெட்டிய பல்), அதில் ஒரு பித்தளைப் பல்சக்கரம், அதிலிருந்து இன்னொரு பல்சக்கரம், கடைசியில் ஒரு தட்டும் கம்பியும். நிமிஷத்துக்கு ஏறக்குறைய 1300 சுற்று சுற்றுகிற ஷாஃப்ட்டை, நிமிஷத்துக்குச் சில முறை மட்டும் இடம் வலம் திரும்புகிற தலையாக மாற்றுகிற வேலை, ஒரு கைப்பிடி அளவுப் பெட்டிக்குள் நடந்துவிடுகிறது. உள்ளே கிரீஸ் பெரும்பாலும் மெழுகு போல இறுகியிருக்கும். அதைச் சுரண்டி எடுத்து, கழுவி, மெல்லிய கிரீஸ் வைக்க வேண்டும். இறுகின கிரீஸோடு ஓட்டினால் பற்கள் உடையும். பித்தளைப் பல்சக்கரம் உடைந்தால் புதிதாக வெட்டித்தான் ஆக வேண்டும், அதற்குச் செலவு ஃபேன் விலையைத் தாண்டும்.

பித்தளை றெக்கைக்குக் கடைப் பாலிஷ் எதுவும் நான் வாங்குவதில்லை. புளியைக் கரைத்துத் தேய்த்து, உடனே நிறையத் தண்ணீரில் கழுவி, ஈரம் இல்லாமல் துடைத்து, கடைசியில் விபூதி போட்டுத் துடைத்தால் குத்துவிளக்கு மாதிரி வரும். கழற்றுவதற்கு முன்பு றெக்கையும் அதன் இடமும் தெரிய சின்னதாகப் புள்ளி குத்தி வைத்துக்கொள்வது முக்கியம். சீலிங் ஃபேன் றெக்கைகள் எடை பார்த்துச் சேர்த்த ஜோடி; இடம் மாறினால் ஆட்டம் வரும்.

பெயிண்டை முடிந்தவரை தொடுவதில்லை. சோப்புத் தண்ணீரில் கழுவி, மெழுகு பூசி விட்டால் பழைய கறுப்பு எனாமல் அழகாகத் தெரியும். அங்கங்கே உரிந்திருந்தால் உரிந்தபடியே இருக்கட்டும். இதில் அழகைவிடப் பெரிய காரணம் ஒன்றும் உண்டு. பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம். வீட்டுப் பெயிண்டில் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு) மேல் ஈயம் கூடாது என்ற விதி நம் நாட்டில் 2016-இல்தான் வந்தது. எனவே உலர்வாக உப்புத்தாள் தேய்த்துத் தூசி கிளப்புவது ஷெட்டில் தடை. கட்டாயம் தேய்க்க வேண்டுமென்றால் நனைத்துத்தான்.

ஒரு விஷயத்தில் மட்டும் பழமையைக் காப்பாற்ற மாட்டேன். வயர். அந்தக் காலத்து ரப்பர் வயர் தொட்டால் உதிரும். இரண்டு பின் பிளக், எர்த் கிடையாது, உடம்பெல்லாம் இரும்பு. ஈரக் கையோடு யாராவது தொட்டால் என்ன ஆகும் என்று நினைத்தாலே எனக்கு உதறும். நூல் பின்னிய வயர் இப்போது மூன்று கோரில் கிடைக்கிறது, பார்க்கப் பழையது போலவே இருக்கும். அதைப் போட்டு, எர்த்தைப் பாடியில் இறுக்கி, மூன்று பின் பிளக் வைத்த பிறகுதான் ஃபேன் ஷெட்டை விட்டு வெளியே போகும். கரண்ட் கசிந்தால் தானே அணைக்கிற 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபியும் ஷெட்டில் உண்டு. பழைய கூண்டுகளில் கம்பிக்குக் கம்பி இடைவெளி பெரிது, குழந்தையின் கை தாராளமாக உள்ளே போகும். சின்னக் குழந்தைகள் உள்ள வீட்டுக்கு அப்படிப்பட்ட ஃபேனை யார் கேட்டாலும் கொடுப்பதில்லை. அலமாரி மேல் வைப்போம் என்பார்கள். இல்லை என்றுதான் சொல்வேன்.

வேலை முடிந்ததும் ஒரு மணி நேரம் ஓட்டி, மோட்டார் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பேன். கையை எடுக்காமல் வைத்திருக்க முடிந்தால் சரி.

ஓடுகிற ஃபேனை ஓட்ட வேண்டும், கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கக் கூடாது என்பது என் கட்சி. எங்கள் ஹாலில் சாயங்காலம் ஒரு பழைய மேஜை ஃபேன்தான் ஓடுகிறது. அகலமான நாலு றெக்கை குறைந்த வேகத்தில் தள்ளுகிற காற்றில் இரைச்சல் இல்லை, பக்கத்தில் உட்கார்ந்து தாராளமாகப் பேசலாம். படுக்கையறையில் வேறு. அங்கே ராத்திரி முழுக்க ஓடுவது பிஎல்டிசி என்கிற, கரண்ட் குறைவாக இழுக்கும் புது வகை மோட்டார் வைத்த சீலிங் ஃபேன், 30 வாட் அளவுதான் இழுக்கும். பழைய சீலிங் ஃபேன் 75 வாட் என்று வைத்தால் பத்து மணி நேரத்துக்கு முக்கால் யூனிட், இது 0.3 யூனிட். இந்தக் கணக்கை மறைத்துப் பழசைப் புகழ எனக்கு மனசில்லை. ஆள் இல்லாத அறையிலோ எல்லோரும் தூங்கும்போதோ அறுபது வருஷத்து வைண்டிங்கை ஓடவிடுவதும் சரியில்லை.

சீலிங் ஃபேன் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். மெதுவாகச் சுற்றுகிறது என்று பழைய இரும்புக்குப் போடுகிற ஃபேன்களில் பாதிக்கு மேல் கண்டென்சர்தான் பலவீனமாகியிருக்கும். பெரும்பாலும் 2.5 மைக்ரோஃபாரட். நூறு ரூபாய்க்குள் முடிகிற வேலை. எலக்ட்ரீஷியனிடம் அதை முதலில் மாற்றிப் பார்க்கச் சொல்லுங்கள்.

இப்போது மேஜை மேல் இருப்பது பொள்ளாச்சியில் இடித்த ஒரு வீட்டின் சீலிங் ஃபேன். இதற்குக் காய வைப்பது உதவவில்லை, ஃபேனை ஓட்டுகிற முக்கியச் சுருளான ரன்னிங் காயில் அறுந்து கருகிக் கிடக்கிறது. முழுசாகச் சுற்ற வேண்டும். சீலிங் ஃபேனில் நடுவில் காயில்கள் இருக்கிற ஸ்டேட்டர் அசையாது, வெளிக்கூடுதான் சுற்றும். இதில் 14 போல், அதாவது 14 காந்த முனை. 50 சைக்கிளில் நிமிஷத்துக்கு 428 சுற்றுதான் உச்சம், அதனால்தான் மேஜை ஃபேனை விட இத்தனை மெதுவாக ஓடுகிறது, இத்தனை காயிலும் இருக்கின்றன. பழைய கம்பியில் எனாமலை எரித்துத் துடைத்துவிட்டு அளந்தேன், 0.19 மில்லிமீட்டர், அதாவது கம்பித் தடிமன் கணக்கில் 36-ஆம் கேஜ். எனாமலோடு அளந்தால் தடித்த கேஜாகக் காட்டி ஏமாற்றும். 6202 பேரிங் வாங்கி வைத்தாயிற்று. சனிக்கிழமை கம்பியும் ஸ்லீவும் வாங்கப் போகிறேன்.