ஒண்ணுமில்லம்மா

"அதுக்கப்புறம் உங்களுக்கு ஒண்ணும் இல்லையே, சிஸ்டர்?"

தன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அந்தப் பெண் கேட்டாள். கழுத்துக்குக் கீழே சேலையைக் கொஞ்சம் விலக்கி, என் இதய அறுவை சிகிச்சைத் தழும்பின் மேல்முனையை அப்போதுதான் அவளுக்குக் காட்டியிருந்தேன். "ஒண்ணுமில்லம்மா. பாரு, நல்லாத்தானே இருக்கேன்" என்றேன். நாலு வருஷம் ஆகிவிட்டது. இன்னும் அந்தத் திண்ணையை விட்டு நான் எழுந்திருக்கவில்லை.

அவள் மகனுக்கு அப்போது மூன்றரை வயது. நீடாமங்கலம் பக்கத்து அங்கன்வாடிக்குப் பிள்ளைகளைப் பரிசோதிக்க எங்கள் மருத்துவக் குழு போன அன்று, மற்ற பிள்ளைகளோடு ஓடிவந்தவன் பாதியிலேயே குத்தவைத்து உட்கார்ந்துவிட்டான். "களைச்சா இப்படித்தான் குந்திக்குவான்" என்றார் அங்கன்வாடி டீச்சர். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. வயல் வரப்பில் அம்மாவுக்குப் பின்னால் நடக்க முடியாமல் நானும் அப்படித்தான் குந்துவேனாம். குந்தினால் காலுக்கு இறங்கும் ரத்தம் தடைபட்டு நுரையீரலுக்குக் கொஞ்சம் கூடுதலாகப் போகும். யாரும் சொல்லித்தராமல் உடம்பே கண்டுபிடித்துக்கொள்கிற வைத்தியம் அது. அவன் உதடு நாவல்பழம் தின்றதுபோல் இருந்தது. விரலில் கருவியை மாட்டினேன். ஆக்சிஜன் 76. ரொம்பக் குறைவு.

எக்கோ என்கிற இதய ஸ்கேன் எடுத்தபோது எனக்கு இருந்த அதே நோய்தான் அவனுக்கும். டெட்ராலஜி ஆஃப் ஃபேலோ. கீழறைகளுக்கு நடுவே ஓட்டை, நுரையீரலுக்குப் போகும் பாதையில் குறுகல், இடம் தள்ளி அந்த ஓட்டையின் மேல் நிற்கும் பெருந்தமனி, தடித்துப்போன வலது கீழறை. காப்பீட்டு அட்டை இருந்ததால் பணம் தடையாக இல்லை. பயம்தான் தடை. "பச்சப்புள்ள நெஞ்சைப் பொளக்கிறதாவது" என்று மாமியார் ஒரே பிடியாக நின்றார். வைத்தீஸ்வரன் கோயிலுக்கு வெள்ளி உருவம் வாங்கிப் போடுவதாக வேண்டிக்கொண்டிருந்தார். அதைக் குறைசொல்ல எனக்கு வாய் வராது. என் அப்பாயியும் எனக்காக அங்கே போட்டிருக்கிறார். இரண்டு முறை சென்னைக்குக் கிளம்புவதாகச் சொல்லி இரண்டு முறையும் போகவில்லை. மூன்றாவது தடவை, வேலை முடிந்த பிறகு நான் தனியாக அவர்கள் வீட்டுக்குப் போனேன். அன்றுதான் தழும்பைக் காட்டினேன். அவள் அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

அந்த வருஷம் பங்குனியில்தான் என் எக்கோவைப் பார்த்துவிட்டு, வால்வுக் கசிவு கூடியிருக்கிறது, வலது கீழறை பெரிதாகிக்கொண்டே வருகிறது, சில வருஷங்களில் வால்வு மாற்ற வேண்டிவரலாம் என்று சொல்லியிருந்தார்கள். எனக்கு 1994இல், ஆறு வயதில் அறுவை சிகிச்சை நடந்தது. குறுகிய பாதையை அகலப்படுத்தும்போது பலருக்கு அங்கிருக்கும் வால்வையும் சேர்த்து வெட்டித் திறக்க வேண்டிவரும். எனக்கும் அப்படித்தான். பிள்ளை பிழைத்துவிடும். முன்னே போக வேண்டிய ரத்தம் ஒவ்வொரு துடிப்பிலும் கொஞ்சம் பின்னால் திரும்பிக்கொண்டேயிருக்கும். வருஷக்கணக்கில் அது தெரியாது, பிறகு தெரியும். இத்தனையும் மனசுக்குள் இருக்கும்போதுதான் "ஒண்ணுமில்லம்மா" என்றேன்.

நோயைப் பற்றிச் சொல்ல வேண்டியதையெல்லாம் டாக்டர் சொல்லியிருந்தார். அவளை பஸ் ஏற்றுவதுதான் என் வேலை. முழுசாகச் சொல்லியிருந்தால் மூன்றாவது தடவையும் ஏறியிருக்க மாட்டாள். பையன் நீலம் பூத்து மூச்சுக்குத் திணறுகிற ஒரு ராத்திரி போதும், எல்லாம் கைமீறிப் போக. இப்படி எத்தனையோ முறை எனக்கு நானே சொல்லிப் பார்த்துவிட்டேன். ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் முட்டுகிறது. அவள் நோயைப் பற்றிக் கேட்கவில்லை, என்னைப் பற்றிக் கேட்டாள். அதற்குப் பதில் தெரிந்தவள் அந்தத் திண்ணையில் நான் ஒருத்திதான்.

அதை வெறும் பொய் என்று ஒப்புக்கொள்ளவும் மனசு வரவில்லை. 31 வயசில் சைக்கிள் மிதித்துப் போய் ஆற்றுப்பாலத்தில் நின்று, மேட்டூர் திறந்து வந்த முதல் தண்ணீரைப் பார்த்தவள் நான். கல்யாணமாகிப் பிள்ளை பெற்றவள். எக்ஸ்ரே எடுத்தால் நெஞ்செலும்பின் நடுவே கம்பி முடிச்சுகள் வரிசையாகத் தெரியும். அதைப் பார்க்கும்போதெல்லாம் கும்பிடத் தோன்றும். இந்த நோய்க்கு 1944 நவம்பர் 29 அன்று அமெரிக்காவில் பால்டிமோரில் ஒரு பெண் குழந்தைக்குத்தான் முதலில் அறுவை சிகிச்சை செய்தார்கள். குழந்தை இதய டாக்டர் ஹெலன் டவ்சிக் யோசனை சொல்ல, ஆல்ஃப்ரட் பிளேலாக் கத்தி எடுக்க, முறையை நாய்களிடம் செய்து செய்து பழகியிருந்த ஆய்வக உதவியாளர் விவியன் தாமஸ் பின்னால் நின்று வழிசொன்னார். ஓட்டையை அடைக்கிற சிகிச்சை அல்ல அது, நுரையீரலுக்கு ஒரு மாற்றுப்பாதை. உதட்டின் நீலம் குறைந்தது. ஆனால் அந்தக் குழந்தை ஒரு வருஷம்கூடத் தாண்டவில்லை. அவளுக்குப் பிறகு வந்த பிள்ளைகள் பிழைத்தார்கள். நான் அந்த வரிசையில் வந்தவள். அந்தத் தாயிடம் அன்றைக்கு என்ன சொல்லியிருப்பார்கள் என்று அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

பையன் சென்னையில் பிழைத்து வந்தான். மாமியார் வெள்ளி உருவத்தைப் போட்டுவிட்டு எனக்கும் விபூதி கொண்டுவந்து கொடுத்தார். போன ஆடியில் பள்ளிக்கூடத்தில் அவளைப் பார்த்தேன். பையன் இரண்டாம் வகுப்பு, உதடு சிவந்திருந்தது. கையில் ரிவ்யூ சீட்டை வைத்திருந்தாள்.

"வால்வு கசியுதாம் சிஸ்டர். பெரியவனானா திரும்பச் செய்யணும்னாலும் செய்யணுமாம். வருஷா வருஷம் வரச் சொல்றாங்க. நீங்களும் போறீங்களா?"

"போறேம்மா."

"அப்பவேவா?"

"அப்பவேதான்."

மகனின் மேல்பட்டனைப் போட்டுவிட்டாள். ஏற்கெனவே போட்டிருந்த பட்டன், கழற்றித் திரும்பப் போட்டாள். "சொல்லியிருந்தா நான் போயிருக்கவே மாட்டேன். சொல்லாததே நல்லதுன்னு இவங்கப்பா சொல்றாரு" என்றாள். அவள் என்ன நினைக்கிறாள் என்பதைச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு யாரிடமும் மறைப்பதில்லை என்று வைத்துக்கொண்டேன். கோட்டூர்ப் பக்கம் ஒரு பெண் குழந்தை, ஒன்றரை வயசு. இதயத்தில் பெரிய ஓட்டை. எடை ஏறவில்லை, பால் குடிக்கும்போதே நெற்றி வியர்க்கிறது. இந்த மாதிரி ஓட்டையைக் காலத்தில் அடைக்காவிட்டால் நுரையீரல் ரத்தக்குழாய்களில் அழுத்தம் ஏறி, பிறகு அடைக்கவே முடியாத நிலை வந்துவிடும். அவள் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். என் நோய் வேறு, உங்கள் பிள்ளைக்கு வேறு என்றும் சொன்னேன். என் தழும்பு, என் கசிவு, அடுத்து எனக்கு வரப்போகிற சிகிச்சை, எதையும் விடவில்லை. தலையைக் குனிந்தபடியே கேட்டுக்கொண்டார்.

"அறுப்பு முடியட்டும் சிஸ்டர், கூட்டிட்டுப் போறேன்."

இரண்டு முறை போன் செய்துவிட்டேன். அறுவடை மெஷின் இன்னும் கிடைக்கவில்லையாம். எங்கள் வண்டி அந்த வழியாகப் போகும்போதெல்லாம் எட்டிப் பார்க்கிறேன். நேற்றும் பார்த்தேன். கதிர் முற்றிச் சாய்ந்து கிடக்கிறது, அறுக்கவில்லை.