அங்கிட்டு புளியோதரை, இங்கிட்டு மாமா

மதுரை வண்டியூர் கண்மாய்க்கரைக்கு காலையில் வாக்கிங் வருகிறவர்களில் பாதிப் பேர் நிஜமாகவே நடக்கிறார்கள். மீதிப் பாதிக்குத் தலைவர் எங்க மாமா. சர்க்கரை ஏறிப்போய் டாக்டர் தினமும் நாற்பது நிமிஷம் நடக்கச் சொன்னதிலிருந்து ஒரு நாள் தவறாமல் கிளம்புகிறார், அதில் குறை சொல்ல முடியாது, ஆனால் வழியில் நிற்கிற பருத்திப்பால் வண்டியைத் தாண்டி அவர் நடை போனதாகச் சரித்திரம் இல்லை. கேட்டால், "கருப்பட்டி போட்டதுடா, சீனியா போடுறான்?" என்று நம்மையே மடக்குவார்.

பெங்களூருவில் இருக்கும் அவர் மகன் இதைக் கேள்விப்பட்டு ஒரு ஸ்மார்ட் வாட்ச் வாங்கி அனுப்பினான். எத்தனை அடி நடந்தாலும் கணக்கு நேரே அவன் போனுக்குப் போய்விடும். சரி, இனிமேலாவது நடப்பார் என்று நினைத்தோம். சோபாவில் சாய்ந்துகொண்டு கையை மட்டும் வீசினாலும் கணக்கு ஏறும் என்பதை மாமா வந்த வேகத்திலேயே கண்டுபிடித்துவிட்டார். டிவியில் சீரியல் ஓட, இவர் பாட்டுக்குக் கையை வீசிக்கொண்டிருந்ததை அத்தை கையும் களவுமாகப் பிடித்தார். அன்றைக்குத்தான் முடிவானது: "ஞாயித்துக்கிழமை எல்லாரும் வைகை டேமுக்குப் போறோம். அங்க வந்து என் கண்ணு முன்னாடி நடங்க." அங்கே பருத்திப்பால் கிடைக்காது என்று அத்தை கணக்குப் போட்டார். மீனை மறந்துவிட்டார்.

ஒரு வேன் பிடித்து, உசிலம்பட்டி தாண்டி, ஆண்டிபட்டி கணவாய் ஏறி இறங்கிப் போனோம். வழியெல்லாம் மாமா வரலாறு எடுத்தார். மேற்கே கேரளாவுக்குள் ஓட வேண்டிய பெரியாற்றுத் தண்ணியை பென்னிகுவிக் மலையைக் குடைந்து கிழக்கே திருப்பியது, 1895-இல் தண்ணீர் இந்தப் பக்கம் வந்தது, அது கம்பம் பள்ளத்தாக்கு வழியாக வந்து வைகையோடு சேருவது, 1959-இல் காமராஜர் வைகை அணையைத் திறந்தது என்று தேதி வாரியாக. பென்னிகுவிக் நடந்த தூரத்தைப் பற்றி வாய் ஓயாமல் பேசினாரே தவிர, தான் நடக்கப்போகும் தூரத்தைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை. புது ஷூவை டப்பாவோடு மடியில் வைத்திருந்தார். வேனுக்குள் போட்டால் அழுக்காகிவிடுமாம்.

வைகை அணைக்குப் போனவர்களுக்குத் தெரியும், அணைக்குக் கீழே ஆற்றின் இரண்டு கரையிலும் பூங்கா. ஆண்டிபட்டி பக்கமிருந்து போனால் வலது கரைப் பூங்காவில் இறங்குவோம். அங்கிருந்து இடது கரைக்குப் போக ஆற்றுக்குக் குறுக்கே தாழ்வாக ஒரு சின்னப் பாலம். அத்தை சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "அங்கிட்டுதான் நிழல் நல்லாருக்கு" என்று புளியோதரை தூக்குவாளி, தயிர்சாதம், உருளைக்கிழங்கு வறுவல், அவித்த முட்டை, ஜமுக்காளம், பிள்ளைகள் எல்லாவற்றையும் கூட்டிக்கொண்டு பாலத்தைக் கடந்துவிட்டார். சித்தி, சக்கம்பட்டியில் தறிக்காரர் வீட்டிலேயே சேலை வாங்கினால் விலை குறையும் என்று யாரோ சொன்னதை நம்பி, அதே வேனில் ஆண்டிபட்டிக்குத் திரும்பிப் போய்விட்டார். இந்தக் கரையில் மிச்சம் நானும் மாமாவும். "நீங்க போங்க, நான் ஷூ மாட்டிக்கிட்டு நடந்தே வர்றேன்" என்று அத்தையை அனுப்பிவைத்தவர், அவர் தலை மறைந்ததும் திரும்பிய திசையில் மீன் பொரித்துக்கொண்டிருந்தார்கள்.

அணையில் பிடிக்கிற ஜிலேபி கெண்டை. குறுக்கே கீறல் போட்டு, கீறலுக்குள் விரலை விட்டு மசாலா தடவி, கறுத்த இரும்புச் சட்டியில் போட்டதும் எண்ணெய் ஒரு நொடி அடங்கி அப்புறம் மொத்தமாகப் பொங்கி வந்தது. மாமா அசையாமல் நின்று பார்த்தார். கையில் எண்ணெய் படும் என்று வாட்ச்சைக் கழற்றி, தண்ணி பாட்டில் எடுக்க ஓடி வந்த என் அக்கா மகனிடம், "பத்திரமா வச்சிரு, மாப்ள" என்று கொடுத்தார். அவனுக்கு ஒன்பது வயது, நிற்கவே தெரியாது. கையில் கட்டிக்கொண்டு பாலத்தில் அந்தப் பக்கம் ஓடிவிட்டான்.

பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த பெரியவர் உள்ளூர்க்காரர். அணையில் 71 அடி வரைக்கும் தண்ணி தேக்கலாம், 66 அடி வந்தா முதல் எச்சரிக்கை, 68.5-ல இரண்டாவது, 69-ல மூணாவது என்று அவர் விரல் விட்டுச் சொல்ல, மாமாவுக்கு ஒரு சந்தேகம் வந்துவிட்டது. "அணை உயரம் 111 அடிங்கிறாக. 71 அடிதான் தேக்குறதுன்னா மிச்ச நாப்பது அடியை எதுக்கு கட்டுனாக?" பெரியவர் மாமாவை மேலும் கீழும் பார்த்தார். "மீன் ஆறுது, சாப்பிடுங்க."

இரண்டாவது மீன் வரும்போது சங்கு ஊதியது. மாமா ஏதோ மில்லு சங்கு என்று நினைத்தார். பூங்கா ஊழியர்கள் விசிலடித்துக்கொண்டே ஓடிப்போய் பாலத்தில் நின்றவர்களை இரண்டு பக்கமும் விரட்டிவிட்டு, கயிற்றைக் கட்டிவிட்டார்கள். கீழே சிவகங்கை, ராமநாதபுரம் பக்கத்துப் பாசனத்துக்கு ஆற்றில் தண்ணீர் திறக்கிறார்களாம். கொஞ்ச நேரத்தில் செம்மண் நிறத்தில் தண்ணீர் புரண்டு வந்து பாலத்தை மூடியது. பார்க்க அத்தனை அழகாக இருந்தது, ஆனால் மாமாவுக்கு அழகு தெரியவில்லை, எதிர்க்கரையில் தூக்குவாளி தெரிந்தது.

போன் போட்டால் இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை. வீடியோ கால் போட்டோம். அத்தை பதில் பேசாமல் வாழையிலையை கேமராவுக்குக் காட்டினார். "உருளைக்கெழங்கை மிச்சம் வைய்யி!" என்று மாமா கத்திய கத்தலில் இந்தக் கரையில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

"ரோட்டைப் பிடிச்சு சுத்தி நடந்தா அங்கிட்டு போயிரலாம்" என்றார் பெரியவர். நானும் "வாங்க மாமா, நடக்கத்தானே வந்தோம்" என்றேன். மாமா அப்போதுதான் ஷூ டப்பாவைத் திறந்தார். ஒரு ஷூவை எடுத்து, கயிறு கோத்து, போட்டுப் பார்த்து, "புது ஷூ கடிக்கும்டா, வெயிலு வேற" என்று திரும்ப டப்பாவுக்குள் வைத்து மூடினார். வேன் வரட்டும் என்று மூன்றாவது மீன் சொன்னார்.

வேன் வர மூன்று மணி தாண்டியது. விலை குறையும் என்று போன சித்தி, ஒரு சேலைக்குப் பதில் தெருவுக்கே கொடுக்கிற அளவுக்கு வாங்கி வந்திருந்தார். சுற்றிப் போய் அந்தக் கரையில் இறங்கியபோது கொஞ்சம் தயிர்சாதமும் ஊறுகாய் பாக்கெட்டும்தான் இருந்தன. அத்தை ஒன்றுமே பேசவில்லை. மாமா வாயில் மீன் வாசனை வந்ததோ என்னவோ, தயிர்சாதத்தையும் மூடிவைத்துவிட்டார்.

திரும்பும்போது கணவாய் இறக்கத்தில் பெங்களூருவிலிருந்து மகன் கூப்பிட்டான். ஸ்பீக்கரில் போட்டார்.

"அப்பா, பதிமூணாயிரம் அடியா! நம்பவே முடியல. நெஜமா நடந்தீங்களா?"

பின் சீட்டில் அக்கா மகன் வாட்ச்சைக் கையில் கட்டியபடி வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தான். அத்தை மாமாவையே பார்த்துக்கொண்டிருந்தார். மாமா தொண்டையைச் செருமிக்கொண்டு, "டேம்னா சும்மாவா? ரெண்டு கரையிலயும் பூங்கா இருக்குல்லடா" என்றார்.