பிரவுன் வாத்தியார் சேர்த்த காகிதங்கள்

ஜனவரி 14
வின்னிபெக்கில் இன்று மைனஸ் 27. காப்பகத்துக்குள் நுழைந்து கை விறைப்பு போவதற்குள்ளேயே மைக்ரோஃபிலிம் சுருளை மாட்டிவிட்டேன், அவ்வளவு ஆவல். பீட்டர் பிரவுன் சேர்த்து வைத்த, மென்னோனைட் என்ற கிறிஸ்தவப் பிரிவினரின் ஆவணங்கள், அவற்றின் படப்பிரதி. ஆனால் ஒரு வரிகூடப் படிக்க முடியவில்லை. பழைய ஜெர்மன் கையெழுத்தில் ‘எ’வும் ‘ன்’னும் ஒரே மாதிரி இரண்டு கோடுகள், ‘உ’வும் அப்படித்தான், தலைமேல் ஒரு சின்ன வளைவு இருந்தால்தான் ‘உ’ என்று தெரியும்.

ஜனவரி 16
பிரவுன் தெற்கு உக்ரைனில் ஹால்ப்ஸ்டாட் என்ற ஊரில் வாத்தியார். பிரஷ்யாவிலிருந்து வந்த மென்னோனைட்டுகள் 1804இல் அமைத்த மொலோச்னா குடியிருப்பைச் சேர்ந்த ஊர் அது. 1917இல், புரட்சி நடக்கும்போதே, சமூகத்தார் கூடி நம் பழைய காகிதங்களை ஒரே இடத்தில் சேர்க்க வேண்டும் என்று முடிவு செய்ய, அந்தப் பொறுப்பு இவரிடம் வந்தது. அப்புறம் உள்நாட்டுப் போர், மக்னோ என்ற கிளர்ச்சிப்படைத் தலைவனின் ஆட்கள் செய்த கொள்ளையும் கொலையும். உயிரே நிச்சயமில்லாத அந்த நாட்களில் இந்த மனிதர் பள்ளிக்கூடப் பதிவேடுகளையும், ஊராரை மரம் நடச் சொல்லி விரட்டிய யோஹான் கார்னீஸின் கடிதங்களையும் தேடித்தேடிச் சேர்த்திருக்கிறார். எனக்கு இதைவிடப் பெரிய துணிச்சல் தெரியவில்லை.

ஜனவரி 17
ஒரு சொல் படித்துவிட்டேன். ‘ஷூலே’. பள்ளிக்கூடம். அந்த வளைவுதான் காட்டிக்கொடுத்தது!

ஜனவரி 22
இன்று மனசு சரியில்லை. பிரவுன் 1924இல் ஜெர்மனிக்குப் போனார். 1929இல் சோவியத் அதிகாரிகள் ஆவணங்களை அள்ளிக்கொண்டு போனார்கள், அத்தோடு அழிந்தன என்றே எல்லோரும் நினைத்தார்கள். அவர் இறந்தது 1933இல். டொரொன்டோ பேராசிரியர் ஹார்வி டிக் வழியாக அவை ஒடெசா காப்பகத்தில் இருப்பது வெளியே தெரிந்தது 1990இல்தான், ஏறக்குறைய 1,40,000 பக்கங்கள். தான் சேர்த்தது பிழைத்துக் கிடக்கிறது என்று அவரிடம் சொல்ல ஒருவரும் இல்லையே.

ஜனவரி 23
பக்கத்து மேசை அம்மா இன்று எனக்காக நான்கு வரி படித்துக் காட்டினார். அவருடைய பாட்டி 1924இல் மொலோச்னாவின் லிக்டெனாவ் ஸ்டேஷனில் ரயிலேறி கனடா வந்தவராம். திரையில் அந்த ஊர்ப்பெயர் வந்ததும் விரலை அதன்மேல் வைத்து, வீட்டில் பேசும் ப்ளாட்டீச் மொழியில் மெதுவாக ஏதோ சொன்னார். எனக்குப் புரியவில்லை, கேட்கவும் மனம் வரவில்லை. அவர் விரலை எடுக்கும்வரை சுருளைத் திருப்பாமல் இருந்தேன்.