சண்டை போட ஆள் வேண்டும்

2016 கேரள சட்டமன்றத் தேர்தலுக்கு முன்னால் கொஞ்ச நாள் கருத்துக்கணிப்பு வேலை பார்த்தேன். மூணாறு லயங்களுக்குள், அதாவது தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளுக்குள் போய்த் தமிழில் கேள்வி கேட்க ஆள் வேண்டும் என்றார்கள். தேவிகுளம் தொகுதியின் தோட்டத் தமிழர்கள் யார் பக்கம் என்பதுதான் அவர்களுக்குத் தெரிய வேண்டியிருந்தது. படிவத்தில் இடது முன்னணி, ஐக்கிய முன்னணி, தேசிய ஜனநாயகக் கூட்டணி, மற்றவை, சொல்ல விருப்பமில்லை என்று ஐந்து கட்டங்கள். எம்.ஜி.ஆர். படம் மாட்டாத லயம் அபூர்வமாக இருக்கும் ஊரில் அண்ணா திமுக "மற்றவை"க்குள் போனது. அந்த முறை அவர்கள் அங்கே தனியாகவே வேட்பாளரை நிறுத்தியிருந்தார்கள். சொல்லிப் பார்த்தேன், படிவம் அச்சாகிவிட்டது என்றார்கள்.

அதைவிட எனக்கு உறுத்திக்கொண்டே இருப்பது ஒரே ஒரு படிவம்.

அவர் ஐம்பதைத் தாண்டியவர். கொழுந்து எடுத்துவிட்டு வந்து அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தார். 2015 செப்டம்பரில் போனஸை 20 சதவீதத்திலிருந்து 10 ஆகக் குறைத்தபோது மூணாறு டவுனில் ரோட்டில் உட்கார்ந்த பெண்களில் ஒருவர். பெம்பிளை ஒருமை (பெண்கள் ஒற்றுமை) என்று பெயரானது அந்தப் போராட்டம்தான். 232 ரூபாய் தினக்கூலியை 500 ஆக்கு என்று கேட்டார்கள். கம்பெனியை விடத் தொழிற்சங்கங்கள் மேல்தான் அவர்களுக்குக் கோபம் அதிகம். சமாதானம் பேச வந்த தலைவர்களைத் துரத்தியே விட்டார்கள். கடைசியில் போனஸும் கருணைத்தொகையுமாக 20 சதவீதம் வந்தது. கூலி பிறகு 301 ஆனது.

வேலைநிறுத்தத்தில் கலந்துகொண்டீர்களா? "ஆமா." சங்கங்கள் உங்களுக்காகப் பேசுகின்றன என்று நம்புகிறீர்களா? "ஒரு பயலையும் நம்பல." வரும் தேர்தலில் யாருக்கு ஓட்டு?

"அரிவாளுக்குத்தான். வேற யாருக்கு?"

படிவத்தில் இல்லாததைக் கேட்கக்கூடாது என்பது விதி. கேட்டேன். "போன வருசம் அவங்களைத்தானே அத்தை அந்தப் பேச்சுப் பேசினீங்க?"

"பேசினோம். சண்ட போட ஆளு வேணும்லா தம்பி. மத்தவன் எங்க இருக்கான்னே தெரியாது. இவன்னா வாசல்ல போய் நிக்கலாம்."

இடது முன்னணி என்று குறித்துவிட்டு வந்தேன். ராத்திரி மேற்பார்வையாளர் போனில் கூப்பிட்டார். மூன்று பதிலும் ஒன்றோடொன்று ஒட்டவில்லை, திரும்பப் போய்க் கேளுங்கள், இல்லாவிட்டால் "சொல்ல விருப்பமில்லை" என்று மாற்றுங்கள் என்றார். முடியாது என்றேன். அந்த அம்மா விருப்பத்தோடு சொன்னதை நான் எப்படி விருப்பமில்லை என்று எழுதுவது? அவர் சொன்னது எனக்குப் பளிச்சென்று புரிந்திருந்தது. லயத்து வீடு கம்பெனி வீடு. வேலையிலிருந்து ஓய்வு பெற்றால் காலி செய்ய வேண்டும். சாதிச் சான்றிதழுக்குப் போனால், 1950க்கு முன்பு உங்கள் தாத்தா இங்கே இருந்தாரா என்று கேட்பார்கள். இப்படி ஒவ்வொன்றுக்கும் யாராவது ஒருவர் கூட வந்து ஆபீஸ் படி ஏற வேண்டியிருக்கிறது. அந்த ஆள் பெரும்பாலும் சங்கத்து ஆள். அவனைத் திட்டவும் செய்வார்கள், அவனுக்கே ஓட்டும் போடுவார்கள். கொச்சியில் இருப்பவருக்கு இதில் என்ன குழப்பம் என்று அன்றைக்கு எரிச்சலாகத்தான் இருந்தது.

ஆனால் மேற்பார்வையாளரிடம் நான் சொல்லாத ஒன்று உண்டு. என் அப்பா அதே இடதுசாரிச் சங்கத்தில், பக்கத்து டிவிஷனில் கன்வீனராக இருந்தவர். அந்த அத்தைக்கு என்னைச் சின்ன வயதிலிருந்தே தெரியும். கன்வீனர் மகன் பேனாவும் அட்டையுமாக வந்து யாருக்கு ஓட்டு என்று கேட்டால் வேறு என்னதான் சொல்வார்? "வேற யாருக்கு?" என்று அவர் கேட்டபோது என் முகத்தைப் பார்த்துத்தான் கேட்டார். அது எனக்கு அப்போதே தெரிந்ததா, பின்னால் நானாகச் சேர்த்துக்கொண்டதா என்று இப்போது சொல்லத் தெரியவில்லை.

சரி, தெரியாத ஆள் போயிருந்தால்? கம்பெனி அனுப்பிய ஆள் என்றோ கட்சி அனுப்பிய ஆள் என்றோ நினைத்து, டீ கொடுத்து அனுப்பியிருப்பார்கள். முந்தைய வாரம் கோட்டயத்துப் பையன் ஒருவனுக்கு அதுதான் நடந்தது. அவன் கொண்டுவந்த படிவங்களில் முக்கால்வாசி "சொல்ல விருப்பமில்லை". தெரிந்தவனிடம் அவனுக்குப் பிடித்ததைச் சொல்வார்கள், தெரியாதவனிடம் ஒன்றும் சொல்லமாட்டார்கள் என்றால் இந்த வேலையை யார்தான் செய்வது?

தேர்தலில் தேவிகுளத்தை மார்க்சிஸ்ட் கட்சியே ஜெயித்தது. அத்தனை கூட்டத்தை ரோட்டுக்குக் கொண்டுவந்த பெம்பிளை ஒருமையின் பேரில் நின்றவருக்கு டெபாசிட்கூடத் தேறவில்லை. நான் சொன்னதுதான் நடந்தது என்று கொஞ்ச நாள் திரிந்தேன். யோசித்தால் அது ஒன்றையும் நிரூபிக்கவில்லை. என் படிவத்தில் "மற்றவை"யாகக் கிடந்த அண்ணா திமுக பத்தாயிரத்துக்கு மேல் வாங்கியது. அந்த ஓட்டுகள் எந்த லயத்திலிருந்து போயின என்று யாருக்குத் தெரியும்? அந்தத் தேர்தல் இரண்டு மாநிலத்திலும் ஒரே நாளில், மே 16 அன்று நடந்தது. போடியிலோ சங்கரன்கோவிலிலோ இன்னொரு ஓட்டு வைத்திருந்தவர்கள் எந்தப் பக்கம் பஸ் ஏறுவது என்று முடிவு செய்ய வேண்டியிருந்தது. அதையும் ஒரு அரசியல் சார்பு என்று எடுத்துக்கொண்டால் அதற்குக் கட்டமே கிடையாது.

எங்கள் அறிக்கையில் கடைசியில் வந்தது "தோட்டத் தமிழர்களிடம் தொடரும் இடதுசாரிச் சாய்வு" என்ற ஒரு வரி. தொடரும் என்ற சொல்லுக்கு ஆதாரமாக 1958 தேவிகுளம் இடைத்தேர்தலில் கம்யூனிஸ்ட் கட்சியின் ரோசம்மா புன்னூஸ் ஜெயித்ததையும், அவருக்காக இளையராஜாவின் அண்ணன் பாவலர் வரதராஜன் மலை ஏறி வந்து பாடியதையும் எழுதியிருந்தார்கள். நடுவில் காங்கிரஸின் ஏ.கே. மணி 1991, 1996, 2001 என்று மூன்று தேர்தல்களில் வரிசையாக ஜெயித்தது அந்த வரிக்கு இடைஞ்சல் என்பதாலோ என்னவோ, அது வரவில்லை. அவரும் தோட்டத் தமிழர் ஓட்டில்தான் ஜெயித்தார். அந்த வரிக்கு என் படிவமும் ஒரு கல் எடுத்துக் கொடுத்திருக்கிறது. இருந்தாலும் அதை மாற்றியிருக்க வேண்டும் என்று எனக்கு இன்றும் தோன்றவில்லை. மாற்றியிருந்தால் அந்த அம்மா சொன்னது அடியோடு இல்லாமல் போயிருக்கும்.

2021இல் மார்க்சிஸ்ட் கட்சியின் ஆ. ராஜா ஜெயித்து, தமிழில் பதவியேற்றார். 2023இல் உயர்நீதிமன்றம் அந்த வெற்றி செல்லாது என்றது. தனித் தொகுதியில் நிற்க அவருக்குத் தகுதி உண்டா, மதம் எது, 1950க்கு முன்பே குடும்பம் கேரளத்தில் இருந்ததா என்பதுதான் வழக்கு. 2025இல் உச்சநீதிமன்றம் வெற்றி செல்லும் என்றது. அந்த இரண்டு வருடமும் ஊருக்குப் போனால் லயத்தில் கட்சிப் பேச்சு குறைவு. எம்.எல்.ஏ.விடமே தாத்தாவுக்குச் சான்று கேட்கிறார்கள், நம் பிள்ளைக்கு எப்படிக் கொடுப்பார்கள் என்பதுதான் பேச்சு. காங்கிரஸ் வீடுகளிலும் அதைக் கேட்டேன். வழக்குப் போட்டவர் காங்கிரஸ் வேட்பாளர்.

அப்பாவிடம் ஒருமுறை இந்த அத்தை கதையைச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டார்.

"உன்கிட்ட அப்படித்தான்டா சொல்லுவா. அவ ஓட்டு இலைக்குத்தான் விழுந்திருக்கும். பூத்துல உக்காந்திருந்தவன் நான், மூஞ்சிய பாத்தா தெரியாதா?"

அவர் இவ்வளவு உறுதியாகச் சொன்னதும் எனக்கு ஒரு நிமிடம் எல்லாம் ஆடிவிட்டது. அப்புறம் வீட்டில் சின்ன வயதில் கேட்டதெல்லாம் நினைவுக்கு வந்தது. ஏ.கே. மணி ஜெயித்த அந்த மூன்று தேர்தலிலும் அப்பா பூத்தில் உட்கார்ந்து முகம் பார்த்துவிட்டு வந்து, இந்தத் தடவை நமக்குத்தான் என்றுதான் சொன்னார்.